கொழும்பிலிருந்து ரயிலில் முல்லைத்தீவு போக எந்த ஸ்ரேசனில் இறங்குவது?

முல்லைத்தீவுக்குத் தண்டவாளமே இல்லை. வடக்கு ரயில் பாதை வவுனியாவுக்கு அப்பால் ஏ9 வீதியை (கண்டி–யாழ்ப்பாண வீதி) ஒட்டியே போகிறது. அதில் இறங்கி, கிழக்கே பஸ் பிடிக்க வேண்டும். எங்கே இறங்குவது என்பதைப் போகும் ஊர்தான் தீர்மானிக்கும்.

ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கம் என்றால் மாங்குளம். அங்கிருந்து ஏ34 வீதியில் முல்லைத்தீவு 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. விசுவமடு, புதுக்குடியிருப்பு என்றால் கிளிநொச்சியில் இறங்கி, பரந்தன் சந்தியால் ஏ35 வீதியில் போங்கள். மாங்குளத்தில் இறங்கினால் வீண் சுற்று.

பலர் மாட்டுப்படுவது இதில்தான்: கடுகதி ரயில்களில் சில மாங்குளத்தில் நிற்பதில்லை. ரிக்கெற் எடுக்கும்போதே கவுண்டரில் கேளுங்கள். நிற்காவிட்டால் வவுனியாவில் இறங்கி பஸ் எடுப்பது நல்லது.

1990இல் நின்ற சேவை 2013 செப்ரெம்பரில்தான் கிளிநொச்சிவரை மீண்டது. பாதை புதிது, ஆனாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயில் பிந்தினால் உங்கள் ரயிலும் ஸ்ரேசனில் காத்துக் கிடக்கும். ஆகவே கடைசி பஸ்ஸை நம்பிப் பின்னேர ரயிலில் வராதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளோடு. ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன்பே திறக்கும். தைப்பொங்கல், நீண்ட விடுமுறைக் காலங்களில் முதல் நாளே பதிந்துவிடுங்கள்.