இரண்டு கோடி டாலருக்குக் கைமாறிய நாடு

கேள்வி: பிரிட்டன், பிரான்ஸ் போல அமெரிக்கா எந்த நாட்டையும் பிடித்து ஆளவில்லை, சொந்த உழைப்பால்தான் வல்லரசானது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

பதில்: சரியில்லை. பிலிப்பைன்ஸை 1946 வரை யார் வைத்திருந்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

உழைப்பை நான் மறுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே தொழில் உற்பத்தியில் அமெரிக்கா முதலிடத்தில் இருந்தது. அந்தச் சரக்குகளுக்குச் சீனச் சந்தை வேண்டும், அதுவரை போகும் நீராவிக் கப்பல்களுக்கு வழியில் நிலக்கரி நிரப்பத் துறைமுகங்கள் வேண்டும். 1898 ஒரே ஆண்டில் பசிபிக் தீவுகளான ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸின் மணிலா மூன்றும் கைக்கு வந்தது அப்படித்தான்.

கியூபாவை விடுவிக்கிறோம் என்று சொல்லித்தான் அந்த ஆண்டு ஸ்பெயினோடு போர் தொடுத்தார்கள். பிலிப்பைன்ஸும் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில்தான் இருந்தது. மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஸ்பெயினின் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை அழித்தது. தரையில் மணிலாவை முற்றுகையிட்டவர்கள் பிலிப்பைன்ஸ் புரட்சிப் படையினர். ஜூன் 12 அன்று அவர்களின் தலைவர் அகினால்டோ சுதந்திரத்தையே அறிவித்துவிட்டார். ஆகஸ்ட் 13 அன்று நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அமெரிக்கத் தளபதிகளும் ஸ்பானியரும் முன்கூட்டியே பேசிவைத்து, ஒப்புக்கு ஒரு சண்டை நடத்தி, நகரத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள். சொந்த மண்ணுக்காகப் போராடியவர்களை நகருக்குள் விடக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் அடக்கம். டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தப்படி பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டாலர் கொடுத்தார்கள். அகினால்டோவின் தூதர் பாரிஸ் வரை போயும் பேச்சுவார்த்தையில் அவரைச் சேர்க்கவில்லை.

1899 பிப்ரவரியில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் போர் மூண்டது. சுமார் 4,200 அமெரிக்கர்களும், ஏறத்தாழ 20,000 பிலிப்பினோ வீரர்களும் மாண்டார்கள். பொதுமக்களில் வன்முறை, பஞ்சம், நோய்க்குப் பலியானவர்கள் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். பிலிப்பைன்ஸின் சமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொன்ன அமெரிக்க ஜெனரல் ஜேக்கப் ஸ்மித்துக்கு இராணுவ நீதிமன்றம் கொடுத்தது வெறும் கண்டனம். பிறகு கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

இதை எதிர்த்த அமெரிக்கர்களும் இருந்தார்கள், எழுத்தாளர் மார்க் ட்வைன் அவர்களில் ஒருவர். செனட்டில் அந்த ஒப்பந்தம் தேவைக்கு மேல் ஒரே ஒரு வாக்கில்தான் தப்பியது.

அதே ஒப்பந்தத்தில் ஸ்பெயினிடமிருந்து வந்த போர்ட்டோ ரிக்கோ இன்றும் அமெரிக்காவிடம்தான் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை.