பிரசவத்துக்குக் கட்டைப் பையில் என்ன எடுத்து வைப்பது?

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 31 வருடம் செவிலியராக இருந்தேன். இப்போது தாய்ப்பால் ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எதை வாங்குவது, எதை விடுவது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. கடையில் தந்த பட்டியலில் நாற்பது சாமான்கள் இருக்கின்றன, முதலில் பால்புட்டி, எல்லாமே குழந்தைக்குத்தான். அம்மாவோ, பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கக் கூடாது என்கிறார். என்ன செய்யட்டும் சிஸ்டர்? (திண்டுக்கல் வாசகி)

பதில்: அம்மா பேச்சைத் தட்ட வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணி போடுவதுதான் நம் வழக்கம். பத்து வருடம் துவைத்துத் துவைத்து இற்றுப்போன தாத்தா வேட்டியின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது. நல்ல வேட்டியாக இரண்டைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து வையுங்கள். துடைக்க, சுற்ற, விரிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். அக்கா வீட்டிலோ அண்ணி வீட்டிலோ முடிச்சு வைத்த பருத்திச் சட்டைகள் இருந்தால் ஆறேழு கேட்டு வாங்குங்கள். இடுப்புத்துணி மட்டும் நிறைய வேண்டும். மழைக்காலம் என்றால் இருபத்தைந்து இருந்தாலும் போதாது.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு ரப்பர் ஷீட், கொசுவலைக் குடை, சின்ன நகவெட்டி, டிஜிட்டல் தெர்மாமீட்டர். இதில் தெர்மாமீட்டரை மறக்கவே கூடாது. மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பவுடர் வேண்டாம், அந்தத் தூசு பிள்ளையின் மூச்சில் போகும். கண்மையும் வேண்டாம். பால்புட்டியைப் பட்டியலில் முதலிலேயே எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள். பால்புட்டிக்கும் பால்பவுடருக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தேவை என்று மருத்துவர் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அந்த நாற்பதில் உங்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய அளவு நாப்கின், கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், இவற்றைக் கட்டைப் பையில் முதலில் வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது தொண்டை அப்படி வறளும்.

கேள்வி: குழந்தை பிறந்ததும் மாமியார் சேனை வைக்க வேண்டும் என்கிறார். தேன்தானே, நாக்கில் தொட்டு வைத்தால் என்ன? (விருதுநகர் வாசகி)

பதில்: கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். கை கால் துவளும், மூச்சுகூடத் திணறும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சேனை வைப்பது பெரியவர்களின் ஆசி. மாமியார் பிள்ளையை மடியில் வாங்கி, நெற்றியில் கைவைத்து வாழ்த்தட்டும். எங்கள் வார்டில் எத்தனையோ பாட்டிமார்கள் இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வாங்கலாமா? தூளியில் போடலாமா? (புதுக்கோட்டை வாசகி)

பதில்: தலையணை எதுவுமே வேண்டாம். பிள்ளையை மல்லாக்க, கெட்டியான, சமமான விரிப்பில் படுக்க வையுங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்தால், விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். படுக்க வைக்கும்போது தலைமாட்டை மாற்றி மாற்றி வையுங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

தூளி பற்றி நான் யோசித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் தூளியில் வளர்ந்தவள், என் பிள்ளைகளையும் அதில்தான் போட்டேன். பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். பருத்திச் சேலை, மேலே அகலமாக விரித்துப் பிடிக்க ஒரு கட்டை, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத மடிப்பு, அடியில் ஒரு மெத்தை. கொக்கியை மாதம் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். சின்னப் பிள்ளை தூளிக்குள் சுருண்டு கிடக்கும்போது தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும். அப்படித் தெரிந்தால் தூங்கினாலும் எடுத்துத் தரையில் கிடத்துங்கள். இரவில் தூளி வேண்டாம்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. பிள்ளையை எடுத்த பிறகு வெறும் தூளியைத் தொங்கவிட்டுப் போகிறோம். மூத்த பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடுகிறார்கள், சேலை முறுகிக் கழுத்தை இறுக்குகிறது. அப்படி வந்த ஒரு பிள்ளையை என் கையில் ஏந்தியிருக்கிறேன். வேலை முடிந்ததும் சேலையைச் சுருட்டி மேலே எறிந்து முடிச்சுப் போட்டுவிடுங்கள், தாயே.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலராக இருக்கிறேன். குழந்தைக்கு நான்கு மாதம். இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். மின்சாரப் பம்ப் ஆறாயிரம் சொல்கிறார்கள். கட்டாயம் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கும் முன் கையால் பால் எடுக்கப் பழகுங்கள் தங்கச்சி. சோப்புப் போட்டுக் கை கழுவி, கருவளையத்தின் ஓரத்தில் மேலே கட்டைவிரல், கீழே இரண்டு விரல் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலைத் தேய்க்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கே மனம் தளர்ந்துதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். விடாமல் செய்தால் பீச்சி அடிக்கும். இது கைவந்தால் பம்ப் இல்லாமலே சமாளிக்கலாம். தினம் மூன்று முறை எடுக்க நேரம் போதவில்லை என்றால் அப்போது பம்ப் வாங்குவது நியாயமான செலவுதான். மார்பில் பொருந்தும் புனலின் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வலித்தால் அளவு தப்பு.

எடுத்த பாலை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். திருப்பூர் வெயிலில் அதை நம்ப வேண்டாம், எடுத்தவுடன் ஐஸ் கட்டிப் பொட்டலம் வைத்த பெட்டிக்குள் போய்விட வேண்டும். அதில் ஒரு நாள் தாங்கும். ஃபிரிட்ஜின் உள்பக்கம் நான்கு நாள் வரை வைக்கலாம், கதவில் வைக்காதீர்கள். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். அடுப்பில் சுட வைக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை நிறுத்தி, மெதுவாகச் சுழற்றிக் கலக்கினால் போதும்.

கொடுப்பதற்குப் புட்டி வேண்டாம், பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் இருக்கிறதே! சில வீடுகளில் சங்கு என்பார்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் இதில்தான் கொடுக்கிறோம். உங்கள் அம்மாவிடம் இப்படிக் காட்டுங்கள்: பிள்ளையை மடியில் பாதி உட்கார்ந்த வாக்கில் வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் தொடும்படி பிடித்து, பால் உதட்டில் படும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். பிள்ளை நாக்கை நீட்டி உறிஞ்சும், விழுங்கும், ஒரு கணம் நிற்கும். அந்தக் கணம் காத்திருக்க வேண்டும். வாய்க்குள் ஊற்றிவிட்டால் புரை ஏறும். மூலை முடுக்கு இல்லாத பாத்திரம் என்பதால் தேய்த்துக் கழுவிக் கொதிக்கவைப்பதும் சுலபம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குப் பணம் அந்த வழியாக வரும். திரும்பிய பிறகு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, ஓய்வு நேரம் தவிர தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தாலும் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: வாக்கர் வாங்கினால் சீக்கிரம் நடக்குமாமே? (சேலம் வாசகி)

பதில்: நடக்காது, விழும். கனடாவில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். பிள்ளை தானாகப் பிடித்து நிற்க ஆரம்பித்ததும், மரத்தில் செய்த நடைவண்டி வாங்கிக் கொடுங்கள். அதில் பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. படிக்கட்டு இல்லாத இடத்தில், உங்கள் கண்ணெதிரே.

கேள்வி: காரில் போகும்போது மனைவி முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறாள். கார் சீட் பன்னிரண்டாயிரம் ஆகிறது. அவசியமா? (கோவை வாசகர்)

பதில்: மற்ற எல்லாவற்றையும் இரவல் வாங்குங்கள் தம்பி, இதை மட்டும் புதிதாக வாங்குங்கள். மோதும் நொடியில் பிள்ளையின் எடை பல மடங்காகிவிடும். எந்தத் தாயாலும் பிடித்து வைக்க முடியாது. முன் சீட் என்றால் ஏர்பேக் வேறு பிள்ளை மேலேயே வெடிக்கும். பின் சீட்டில், பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்ட ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாதுகாப்புப் பட்டையோ சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பைக்கில் என்றால், ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்பது விதி. கைக்குழந்தையைப் பைக்கில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: அரசு உதவி எதெது கிடைக்கும்? (பெரம்பலூர், மூன்றாம் மாதம்)

பதில்: இன்றைக்கே உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். பிக்மி எண் என்று 12 இலக்க எண் தருவார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள், பத்திரம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிரம்பியவர்களுக்கு, இரண்டு பிரசவம் வரை. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கிக்கொள்ளுங்கள். வலி வந்தால் 108. அரசு மருத்துவமனையில் பெற்று வீடு திரும்ப 102, அதுவும் இலவசம்.

கேள்வி: மருமகளுக்குப் பிரசவம் ஆகி ஐந்து வாரம். தொட்டில், துணி, பொம்மை எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். ஆனாலும் அழுதுகொண்டே இருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் தூங்குவதில்லை. பச்சை உடம்புக்காரி, கண் பட்டிருக்கும் என்கிறார்கள். (நாகர்கோவில், மாமியார்)

பதில்: நீங்கள் எழுதிக் கேட்டதற்கே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, அக்கா. பிரசவித்த முதல் வாரத்தில் அழுகை வரும், பத்துப் பதினான்கு நாளில் அடங்கிவிடும். ஐந்து வாரமாகியும் அழுகிறாள், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய். அவள் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை, மருத்துவம் பார்த்தால் குணமாகும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. திருஷ்டி சுற்றிப்போட வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை, தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ அவள் சொன்னால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இன்றிரவு பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவள் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலப் படுக்கட்டும். காலையில் அந்த எண்ணுக்கு அவளோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்.