ஆடுகிற நாதாங்கியில் அசல் திண்டுக்கல் பூட்டு
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காற்றில் கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. பூட்டு ரிப்பேர்காரர் வந்து, குளிர்பான பாட்டிலில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் செருகி அரை நிமிஷத்தில் திறந்துவிட்டு, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பூட்டையே மாற்ற வேண்டுமா?
- மடிப்பாக்கம் வாசகி

பதில்: அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். வெளியே போகும்போது சாவி போட்டுத் திருப்புகிறீர்களா, இல்லை இழுத்துச் சாத்திவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறீர்களா? இழுத்துச் சாத்தினால் அது மூடின கதவுதான், பூட்டின கதவு இல்லை. கதவின் ஓரத்தில் ஒரு பக்கம் சரிவாகச் சீவினாற்போல ஒரு நாக்கு இருக்கும், அதற்குப் பின்னால் ஸ்பிரிங். சாத்தும்போது அந்தச் சரிவு வாசல் நிலைச்சட்டத்தில் உரசி உள்ளே போய், குழிக்கு நேராக வந்ததும் வெளியே பாய்கிறது. நிலை தள்ளினால் உள்ளே போகிற நாக்கு, பிளாஸ்டிக் தள்ளினாலும் போகத்தானே செய்யும்! சாவியைத் திருப்பும்போது வெளியே வருவது வேறு. சதுரமான இரும்புக் கட்டை, பின்னால் ஸ்பிரிங் கிடையாது, பாட்டில் துண்டுக்கெல்லாம் மசியாது.

சில பூட்டுகளில் நாக்குக்குப் பக்கத்திலேயே விரல் நுனி அளவுக்கு ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அது சும்மா இல்லை. கதவு சாத்தியிருக்கும்போது அந்தக் குச்சி நிலையில் இருக்கும் தகட்டில் அழுந்தியே இருந்தால்தான் நாக்கு பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும். ஆசாரி குழியைக் கொஞ்சம் தாராளமாகக் கொத்திவிட்டால் குச்சியும் சேர்ந்து குழிக்குள் விழுந்துவிடும், அப்புறம் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவையும் ஒன்று கழற்றிப் பாருங்கள். அரை அங்குலம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உதைக்கிற கதவில் முதலில் பிளப்பது அந்த ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மரம், பூட்டு அப்படியே முழுசாக இருக்கும். 2, 3 அங்குல ஸ்க்ரூவாக மாற்றுங்கள், செலவு ஒரு காபிக் காசுதான்.

கேள்வி: கிராமத்து வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்குவதா, கடையில் பளபளவென்று தொங்குகிற பூட்டு வாங்குவதா?
- தென்காசி வாசகர்

பதில்: திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, நான் தனியாகச் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. உள்ளே லீவர் என்று சொல்லும் தகடுகள் இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும், கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது. தகடு கூடக் கூடத் திருடனுக்கு வேலை கஷ்டம். அதனால் 'எத்தனை லீவர்' என்று கேட்டு வாங்குங்கள்.

திறக்கவே முடியாத பூட்டு என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் பிராமா என்ற கம்பெனி, 1790-இலிருந்து ஒரு பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, இதைத் திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் தங்கக் காசு) பரிசு என்று சவால் விட்டிருந்தது. 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்துவிட்டார். 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து.

உங்கள் வீட்டுக்கு வருகிறவன் ஹாப்ஸ் இல்லை. அவன் கையில் கடப்பாரை இருக்கும், 51 மணி நேரம் இருக்காது. அவன் பூட்டைத் தொடவே மாட்டான், அது தொங்குகிற நாதாங்கியைத்தான் நெம்புவான். நான் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஆயிரம் ரூபாய்க்குப் பூட்டு வாங்குகிறவர் கொண்டிக்கு மட்டும் 'இருக்கிறதிலேயே சல்லிசா ஒண்ணு குடுங்க' என்பார். அதையும் ஸ்க்ரூ தலை வெளியே தெரிகிற மாதிரி மாட்டினால் கடப்பாரைகூட வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் போதும். உருண்டைத் தலை போல்ட் போட்டு, உள்பக்கம் நட் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். வெளியே தொங்குகிற பூட்டு 'ஊரில் ஆள் இல்லை' என்று தெருவுக்கே சொல்லும், அதனால் முடிந்தால் கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டாகப் போடுவது மேல்.

கேள்வி: புது வீட்டுச் சாவியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். மைத்துனர் திட்டுகிறார். இதில் என்ன தப்பு?
- வேளச்சேரி வாசகர்

பதில்: மைத்துனர் சொல்வது சரி. சாவி என்பது ஒரு நம்பர்தான், ஐந்தாறு பள்ளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆழம். படத்தில் பல் தெளிவாகத் தெரிந்தால் அந்த நம்பரைப் படித்துவிடலாம். 2008-லேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், மாடியிலிருந்து 195 அடி தள்ளி மேஜையில் கிடந்த சாவியை டெலிஃபோட்டோ லென்ஸில் படம் பிடித்து, அதைக் கொண்டு நகல் செய்து காட்டினார்கள். உடனே ஸ்டேட்டஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். பழைய குடித்தனக்காரரிடம் ஒரு சாவி இருக்குமோ?
- கோவை வாசகி

பதில்: இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குள் பதித்த சிலிண்டர் பூட்டு என்றால் முழுவதையும் மாற்ற வேண்டாம், சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். அதைப் பிடித்திருப்பது கதவு ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு நீள ஸ்க்ரூதான். பழைய சிலிண்டரைக் கையோடு எடுத்துப்போய், நீளம் பார்த்து வாங்குங்கள். புதியது கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, ஏனென்றால் நடுவில் அந்த ஸ்க்ரூவுக்கான ஓட்டை இருக்கிற இடத்தில் உலோகம் மெலிசு, துருத்துகிற முனையைப் பிடித்து ஒடித்தால் சரியாக அங்கேதான் முறியும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், காலி செய்யும்போது அதையே மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டு போகலாம், அட்வான்ஸில் பிடித்தம் செய்ய ஒரு சாக்கு குறையும்.