மின்னஞ்சலில் உள்ள இணைப்பு, திறந்திருக்கும் பக்கத்தின் மேலேயே திறக்கிறது. தடுக்க வழி உண்டா?

தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் செயலியில் வரும் மடலில் உள்ள இணைப்பை அழுத்தினால், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் மறைந்து அதே இடத்தில் புதிய பக்கம் வந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களோ உங்கள் கணினியைத் தொடும் வேறொருவரோ எப்போதோ எதையோ மாற்றிவிட்டு மறந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் மறந்தேன்.

கணக்கு எழுதுவது என் தொழில். மாலைக்குள் நாற்பது டேப்கள் சேர்ந்துவிடும்; வேண்டியதைப் பிடிக்க ஓரத்து அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் எரிச்சலில் உலாவியின் மறைவான அமைப்புகளுக்குள் நுழைந்து, மின்னஞ்சல் போன்ற வெளிச்செயலிகளிலிருந்து வரும் இணைப்புகள் நடப்பு டேப்பிலேயே திறக்கும்படி செய்துவிட்டேன். சில மாதங்கள் நிம்மதியாகவே இருந்தது.

பிறகு என் அக்கா மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். அவள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பாடமாகச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூன்றாம் பக்கத்தில், மின்னஞ்சலை உறுதிப்படுத்திவிட்டுத் தொடருமாறு அறிவிப்பு வந்தது. மடலைத் திறந்து இணைப்பை அழுத்தினேன். "உங்கள் முகவரி உறுதிசெய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி, விண்ணப்பம் இருந்த டேப்பில் வந்து நின்றது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் ஆவணம் காலாவதியாகிவிட்டது என்றது. "சித்தி, நாம எழுதினது எங்க?" என்றாள். இரண்டாம் முறை அவளுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை; எண்கள் மனப்பாடமாகியிருந்தன. இடையில் சேமிக்க வழியில்லாத படிவத்தில், பாதி வழியில் ஆளை வெளியே அனுப்பும் அந்தத் தளத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. மடலில் வரும் இணைப்பை அழுத்தியதே தவறு என்று சிலர் சொல்லக்கூடும். நானே கேட்டு, அந்த நிமிடமே வந்த மடல் அது.

மாற்றும் முறை இதுதான். முகவரிப் பட்டையில் அபௌட், கான்ஃபிக் என்னும் ஆங்கிலச் சொற்களை இடையில் முக்காற்புள்ளி வைத்து எழுதுங்கள். எச்சரிக்கையை ஏற்றதும் தேடல் பெட்டி வரும். அதில் ஓவர்ரைடு, எக்ஸ்டெர்னல் என்ற சொற்களை இடையில் ஒற்றைப்புள்ளி வைத்து எழுதினால், அவற்றில் முடியும் ஓர் அமைப்பு தென்படும். அதன் மதிப்பு 1 என்றால் நடப்பு டேப், 2 என்றால் புதிய சாளரம், 3 என்றால் புதிய டேப். இயல்பான மதிப்பு -1. அதாவது பொது அமைப்பில் உள்ளதையே பின்பற்றும். நான் 3 வைத்திருக்கிறேன். ஏற்கெனவே -1 தான் இருக்கிறது என்றால், 1 ஆகியிருப்பது பொது அமைப்பாக இருக்கலாம். ஓப்பன், நியூவிண்டோ என்னும் சொற்களை அடிக்கோட்டால் இணைத்துத் தேடி, அந்தச் சொல்லோடு முடியும் வரியைப் பாருங்கள். மறைவான அமைப்புகளைத் தொடக் கூடாது என்று அறிவுரை சொல்பவர்களுக்கு: இந்த வரிகளைத் தவிர வேறெதையும் தொடச் சொல்லவில்லை.

குரோம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இத்தகைய தெரிவு அங்கே இல்லை. கடைசியாகப் பயன்படுத்திய சாளரத்தில் புதிய டேப்பாகத் திறக்கும். எந்தச் சாளரத்தில் வர வேண்டுமோ அதை ஒருமுறை சொடுக்கிவிட்டு மடலுக்குத் திரும்பி இணைப்பை அழுத்துங்கள்.