சிரிப்பு வராவிட்டால் 1987இலிருந்து தொடங்குங்கள்

திருநெல்வேலியில் பழைய புத்தகங்களோடு கிடைத்த, 2003இல் வெளியான ‘ஃபார்மர்லி நோன் ஆஸ் த ஜஸ்டிஸ் லீக்’ என்ற சூப்பர் ஹீரோ நகைச்சுவைச் சித்திரக்கதைக் குறுந்தொடரின் ஆறு இதழ்களில் இரண்டை வாசித்தும் சிரிப்பு வரவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். கதை எழுதும் கிஃபன், டிமாட்டீஸ், ஓவியர் மக்வயர் மூவரும் 1987இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் தொடரில் நமக்குப் பழகிய பாத்திரங்கள், ஒரு சாதாரணக் கடைத்தொகுதியில் அலுவலகம் போட்டு, தொலைக்காட்சியில் விளம்பரமும் கொடுத்து மீண்டும் ஒன்றுசேர்வதே இங்குள்ள வேடிக்கை என்பதால், அந்தப் பழைய தொடரின் முதல் ஏழு இதழ்களையாவது முன்கூட்டியே வாசித்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது வசனத்தில் ஓடாமல் முகங்களில் நில்லுங்கள் (நானும் முதல்முறை இதில் கோட்டை விட்டவன்தான்): குழுவின் நாயகர்களில் ஒருவரான புளூ பீற்றில் பகிடி விடும்போது கேட்டுக்கொண்டிருப்பவரின் புருவத்தையும் வாய்க்கோணலையும் மக்வயர் கட்டத்துக்குக் கட்டம் சிறிதுசிறிதாக மாற்றி வரைவார், பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. 2004இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதை நகைச்சுவைப் பிரிவில் பெற்ற படைப்பு இது. பெண் பாத்திரங்களைச் சீண்டும் சில பகிடிகள் மட்டும் இன்று புளித்துவிட்டன.