அப்பலாச்சியன் மலைப்பாதையில் அன்றாடம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது அப்பலாச்சியன் பாதை. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். முழுதும் நடந்து முடித்தவன் என்பதால் நண்பர்கள் நிறையக் கேட்கிறார்கள். இயற்கை அழகைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். நான் சாப்பாடு, தூக்கம், கால், கழிப்பறை பற்றித்தான் பேசப் போகிறேன். பாதியில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இவற்றால்தான் திரும்புகிறார்கள்.

கேள்வி: அண்ணா, காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை ஒரு நாள் எப்படிப் போகும்?

வெளிச்சம் வந்ததும் எழுந்துவிடுவோம். மழைக்காலமென்றால் முதல் வேலை, நேற்று நனைந்த காலுறையையே மறுபடி மாட்டிக்கொள்வது. காய்ந்த ஜோடி தூங்குவதற்கு மட்டும். அதையும் நடக்கப் போட்டு நனைத்துவிட்டால் இரவு முழுக்கக் குளிரில் அவதிதான். ஏழு, ஏழரைக்குக் கிளம்பினால் மாலை நான்கு, ஐந்துக்கு அடுத்த தங்குமிடம். போனதும் தண்ணீர் பிடித்து வடிகட்டி, சமைத்துச் சாப்பிட்டு, உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். லைம் என்ற நோய் அந்த உண்ணி கடித்துத்தான் வருகிறது, சோம்பல் படாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு 'ஹைக்கர் மிட்நைட்' என்று பேர். அதற்குள் எல்லாரும் தூங்கியிருப்பார்கள்.

தொடக்கத்தில் நாளுக்கு 13 முதல் 16 கிலோமீட்டர் போதும் தம்பி. வர்ஜீனியா வரும்போது உடம்பு பழகி, 25, 30 தானாக வரும். முதல் வாரமே முப்பது நடக்கிறவர்கள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

கேள்வி: காட்டுக்குள் வழி எப்படித் தெரியும்?

மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும்: இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். மேலும் கீழுமாக இரண்டு பட்டை இருந்தால் பாதை திரும்பப் போகிறது, கவனி என்று பொருள். நீலப் பட்டை கிளைப்பாதை. தண்ணீருக்கோ தங்குமிடத்துக்கோ போகும். கொஞ்ச நேரமாக வெள்ளையே கண்ணில் படவில்லையா? கடைசியாகப் பார்த்த மரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: தங்குமிடம் என்றால் லாட்ஜ் மாதிரியா? கரடி வராதா?

லாட்ஜ் எல்லாம் இல்லை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, படுக்கப் பலகை, அவ்வளவுதான். பாதை நெடுக 250க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கு இடம். அதனால் சொந்தக் கூடாரம் கட்டாயம் வேண்டும். கிரேட் ஸ்மோக்கி மலைகள், ஷெனண்டோவா தேசியப் பூங்காக்களுக்கும், கட்டாடின் இருக்கும் பேக்ஸ்டர் மாநிலப் பூங்காவுக்கும் தனி அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும்.

கருங்கரடிகள் உண்டு. ஆனால் தினசரித் தொல்லை எலிதான். கூரையிலிருந்து கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கயிற்றின் நடுவிலும் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துக் கோத்திருப்பார்கள். கயிற்றின் நுனியில் ஒரு குச்சி கட்டியிருக்கும். அந்தக் குச்சியில் சாப்பாட்டுப் பையை மாட்ட வேண்டும். கயிறு வழியே இறங்கும் எலி டப்பாவின் மேல் கால் வைத்ததும் வழுக்கிக் கீழே விழும். இவ்வளவும் செய்துவிட்டு, முதுகுப்பையின் பக்கவாட்டில் ஒரு மிட்டாயை மறந்து வைத்தால் போதும், துணியைக் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

கரடிகள் திரியும் இடத்தில் சாப்பாட்டைக் கயிற்றில் விடாதீர்கள். அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் போடுங்கள், அல்லது கரடி திறக்க முடியாத டப்பாவைச் சுமந்துபோங்கள். டூத்பேஸ்டும் அதற்குள்தான். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுவிடுகிறார்கள். நம் சோம்பலுக்கு அது சாகக் கூடாது.

கேள்வி: நான் சுத்த சைவம். அத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா சார்?

தாராளமாக. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஊர்ப்பக்கம் இறங்கி வாங்கிக்கொள்ளலாம். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பாதையே ஊர் நடுவே போகிறது. ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய டார்ட்டியா ரொட்டி, உருளைக்கிழங்கு மசியல் பொடி, முந்திரி, பாதாம் எங்கும் கிடைக்கும். நூடுல்ஸ் வாங்கும்போது மட்டும் மசாலாப் பொட்டலத்தில் கோழிச்சாறு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அவல் கொண்டுபோனால் பச்சைத் தண்ணீரிலேயே ஊறிவிடும், எரிபொருள் மிச்சம். பருப்புப் பொடியும் சின்ன பாட்டிலில் நெய்யும் இருந்தால் ராஜபோகம். அப்புறம், சில வாரங்களில் ஒரு பசி வரும். நாளுக்கு 4,000 கலோரி சாப்பிட்டாலும் அடங்காது. எடைக்குக் கூடுதல் சக்தி தருவது எண்ணெயும் நெய்யும்தான் என்பதால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கழிப்பறைக்கு என்ன செய்வது?

கேட்க வேண்டிய கேள்விதான். பல தங்குமிடங்களில் மரக் கழிப்பறை உண்டு. இல்லாத இடத்தில், தண்ணீரையும் பாதையையும் விட்டு 60 மீட்டர் தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூட வேண்டும். அதைவிட முக்கியம் கை கழுவுவது. இந்தப் பாதையில் நோரோவைரஸ் பரவினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளையே சாய்த்துவிடும். சானிடைசரை நம்பிப் பயனில்லை, சோப்புதான். அந்தத் தண்ணீரையும் ஓடைக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள்.

கேள்வி: பெண் தனியாக நடக்கலாமா?

நடக்கிறார்கள் அம்மா, நிறையப் பேர். எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், தன் 67 வயதில், கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தானே தைத்த பையைத் தோளில் மாட்டி, இதை முழுதும் தனியாக நடந்தார். நான் சொல்வது இரண்டு விஷயம். இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதை அன்றன்றே இணையத்தில் போடாதீர்கள். ஒரு தங்குமிடத்தில் யாரையாவது பார்த்து மனசுக்குச் சரியாகப் படவில்லையென்றால், மரியாதைக்காகக்கூட உட்காராமல் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: இந்தியாவிலிருந்து வந்தால் சுற்றுலா விசா போதுமா?

நாட்டுக்குள் நுழையும்போது வழக்கமாக ஆறு மாதம் வரை தருவார்கள். எத்தனை நாள் என்பது அங்கே உள்ளே விடும் அதிகாரி கையில். முழுப்பாதைக்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும் என்பதால் கணக்கு இறுக்கம்தான். தெற்கிலிருந்து மார்ச், ஏப்ரலில் தொடங்கி, அக்டோபர் நடுவுக்குள் கட்டாடின் ஏறிவிடப் பாருங்கள். அது முடியாதென்றால் ஒரு பகுதியை மட்டும் நிதானமாக நடங்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கேள்வி: எத்தனை ஜோடி ஷூ வாங்கி வைக்கட்டும்?

ஒன்றே ஒன்று. ஒரு ஜோடி 600 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும், பென்சில்வேனியாப் பாறைகளில் இன்னும் சீக்கிரம் கிழியும். ஆனால் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கி அகலமாகிவிடும். இன்றைய அளவில் வாங்கியது அப்போது நுழையாது. முதல் ஜோடியையே அரை அளவு பெரிதாக வாங்கி, அடுத்ததை வழியில் காலைப் பார்த்து வாங்குங்கள்.