ஐந்து வாக்குறுதிகளும் பின்சுவர் அட்டவணையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் போன தவக்காலத்தில் ஒரு முயற்சி தொடங்கினோம். விருப்பப்பட்ட குடும்பங்கள் சேர்ந்து, ஐந்து விஷயங்களை ஒரு வருடம் கடைப்பிடிப்பதாகத் திருப்பலியில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தோம். தினமும் காலையில் நற்செய்தி வாசித்து ஜெபிப்பது, வெள்ளிக்கிழமை ஒரு வேளை நோன்பு, வருமானத்தில் ஒரு பகுதி ஏழைகளுக்கு, வாரம் ஒருமுறை சிறு குழுவாகக் கூடுவது, யாரைப் பற்றியும் அவர் இல்லாத இடத்தில் குறை பேசாதிருப்பது. முதல் சில மாதங்கள் அருமையாகப் போனது. அப்புறம் ஒருவர் யோசனை சொல்ல, கோவிலின் பின்சுவரில் ஓர் அட்டவணை மாட்டினோம். குடும்பப் பெயர், நேரே வாராவாரம் டிக். அதிலிருந்து எல்லாம் கெட ஆரம்பித்தது. இரவுப் பணிக்குப் போகும் ஒரு பெண், தன் பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்த வாரம் செய்த தவறை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று குழுத் தலைவர் வேறு வற்புறுத்துகிறார். சேராத குடும்பங்கள் எங்களைப் 'பரிசுத்தவான்கள்' என்று கேலி செய்கின்றன.

திருமுழுக்கில் கொடுத்த வாக்கு போதாதா, இதெல்லாம் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. விதிகளைத் தளர்த்தினால் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் சோர்ந்துவிடுவார்கள், தளர்த்தாவிட்டால் மற்றவர்கள் போய்விடுவார்கள். வருடம் முடியப்போகிறது. என்ன செய்வது?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த அட்டவணையைக் கழற்றுங்கள். கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை, பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இந்த ஞாயிறே கழற்றிவிடலாம். யாரைப் பற்றியும் அவர் இல்லாத இடத்தில் குறை பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதை உங்கள் கோவில் சுவரே வாரம் முழுக்க மீறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் நடந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை. பொய் டிக்குகள். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் ஐந்தாம் அதிகாரத்தில் வரும், நிலம் விற்ற அனனியா, சப்பிரா தம்பதியின் கதையை எல்லாரும் 'காணிக்கை முழுதாகக் கொடுக்காததால் வந்த தண்டனை' என்றே நினைவில் வைத்திருக்கிறோம். பேதுரு சொல்வது அதுவல்ல. விற்பதற்கு முன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் உரிமையில்தானே இருந்தது என்றுதான் கேட்கிறார். கொடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுதும் கொடுத்தது போலக் காட்டியதுதான் குற்றம். எல்லாரும் பார்க்கிற இடத்தில் பக்தியை அளந்து எழுதினால் அனனியாக்கள் உருவாகத்தான் செய்வார்கள், அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, திருமுழுக்கு வாக்கு போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். போதும். அதற்கு மேல் நீங்கள் சேர்த்துக்கொண்டது எதுவும் மீட்புக்கான நிபந்தனை இல்லை, சேராத குடும்பங்கள் உங்களைவிட ஒரு படி கீழே இல்லை. பொது உறுதிமொழியின் வேலை அந்த வாக்குக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் கொடுப்பதுதான். 'ஜெபிப்பேன்' என்பது எப்போது வேண்டுமானாலும் நழுவிவிடும், 'வியாழன் மாலை இவர்களோடு ஜெபிப்பேன்' என்றால் அங்கே எனக்காக நான்கு பேர் காத்திருக்கிறார்கள். உறுதிமொழியைவிட அந்த நான்கு பேர் முக்கியம் என்பதுதான் நான் சொல்லவருவது, மிச்சமெல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஆதித் திருச்சபையைப் பற்றித் திருத்தூதர் பணிகள் 2:42 நான்கு விஷயங்கள் சொல்கிறது. திருத்தூதர்களின் போதனை, நட்புறவு, அப்பம் பிட்குதல், இறைவேண்டல். நான்கிலும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். இப்போது உங்கள் ஐந்தைப் பாருங்கள். ஜெபம், நோன்பு, தர்மம் மூன்றையும் அவரவர் வீட்டில் அவரவர் செய்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. நான்காவது மட்டும்தான் உண்மையில் சேர்ந்து செய்வது. தனித்தனி சாதனைகளை வரிசையாக ஒரே தாளில் எழுதிவிட்டுப் பொது வாழ்வு என்று பெயர் வைத்தால், போட்டிதான் மிஞ்சும்.

1938இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய அயோனா என்ற கிறிஸ்தவ சமூகத்துக்கும் சேர்ந்து கடைப்பிடிக்கிற ஒழுங்கு ஒன்று உண்டு. அதிலும் ஜெபம் இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆனால் பணத்தையும் நேரத்தையும் எப்படிச் செலவிட்டோம் என்று உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொள்கிறார்கள், அதற்காகவே சந்திக்கிறார்கள். அங்கே கணக்கு என்பது ஒரு உரையாடல், கேள்வி கேட்பவரும் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் அட்டவணை யாரிடமும் பதில் கேட்காது, தீர்ப்பு மட்டும் சொல்லும்.

ஆனால் அயோனாவை அப்படியே கொண்டுவந்து பங்கில் வைக்கவும் முடியாது. அங்கே விரும்பியவர்கள் தேடிப்போய்ச் சேர்கிறார்கள். துறவிகளுக்கு ஒழுங்கு நூல் எழுதிய புனித பெனடிக்டின் மடத்திலும் அப்படித்தான், புதிதாக வருபவரை ஒரு வருடம் வைத்துப் பார்த்து, இடையில் மூன்று முறை ஒழுங்கு நூலை முழுக்க வாசித்துக் காட்டி, முடிந்தால் இரு, முடியாவிட்டால் தாராளமாகப் போ என்பார்கள். பங்குக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. பெரும்பாலும் ஓர் எல்லைக்குள் வாழ்கிற விசுவாசிகள் எல்லாரும் சேர்ந்ததுதான் பங்கு, நோயாளி, குடிகாரர், இரவுப் பணிக்காரர், வருடத்துக்கு இரண்டு முறை தலைகாட்டுபவர் உட்பட. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் பங்கு எடுக்கிற பொது உறுதிமொழி, தேர்ந்தெடுத்துச் சேர்ந்த குழுவின் உறுதிமொழியைவிடக் குறைவாகத்தான் கேட்க முடியும்.

குறைவாகக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மடாதிபதி எதையும் அளவோடு செய்ய வேண்டும், பலசாலிக்கு ஏங்க ஏதாவது இருக்க வேண்டும், பலவீனர் பயந்து ஓட ஏதும் இருக்கக்கூடாது என்று பெனடிக்ட் 64ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். ஆறாம் நூற்றாண்டுத் துறவிகளுக்கே இந்த அளவு. எனக்கு அதைவிடப் பிடித்த இடம் 43ஆம் அதிகாரம். இரவு ஜெபத்தின் தொடக்கத்தில் வரும் 95ஆம் திருப்பாடலை மெதுவாக இழுத்துச் சொல்லுங்கள் என்கிறார், தாமதமாக வருபவர்கள் அதற்குள் வந்து சேரட்டும் என்று! அதற்கும் பிந்தி வந்தால் கடைசி இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். வெட்கம் என்ற கருவியை அவரும் கையில் எடுத்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வெளியே நிறுத்தாதீர்கள் என்று காரணத்தோடு சொல்கிறார், வெளியே விட்டால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்கள், அல்லது உட்கார்ந்து வம்பளப்பார்கள், உள்ளே வந்தால் எல்லாவற்றையும் இழக்க மாட்டார்கள் என்று. உங்கள் அட்டவணை அந்தப் பெண்ணை உள்ளே கடைசி இடத்தில் நிறுத்தவில்லை. வெளியே அனுப்பிவிட்டது.

அவர் பாவம் எதுவும் செய்யவில்லை என்பதை யாராவது அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நேர்ச்சை என்றாலே அது செய்யக்கூடிய ஒரு நன்மையைப் பற்றி, முழு அறிவோடும் சுதந்திரத்தோடும் கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு என்றுதான் திருச்சபைச் சட்டம் (எண் 1191) சொல்கிறது. நீங்கள் எடுத்தது நேர்ச்சையா வெறும் தீர்மானமா என்ற சந்தேகம் இருப்பவர்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம். எப்படியானாலும், இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வருபவர் காலை ஜெபத்தில் தூங்கிப்போவது வாக்கு மீறல் ஆகாது.

குழுத் தலைவர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். தவறுகளைக் குழுவில் சொல்லச் சொல்லி வற்புறுத்துவது உடனே நிற்க வேண்டும். துறவற சபைகளில் தலைவர்கள், உறுப்பினர்கள் தங்களிடம் மனசாட்சியைத் திறந்து காட்ட வேண்டும் என்று வற்புறுத்தி வற்புறுத்தி, கடைசியில் 1890இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஆணை போட்டுத் தடுக்க வேண்டிவந்தது. இன்றைய சட்டத்திலும் எண் 630 அதையேதான் சொல்கிறது, உறுப்பினர் தாமாக மனம் திறக்கலாம், தலைவர் எந்த வகையிலும் தூண்டக்கூடாது. கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்த துறவியிடமே கேட்கக்கூடாததை, வாராந்தரக் குழுவில் எப்படிக் கேட்பது? ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னது குருவோடு முடிந்துவிடும், அதற்கு ரகசியம் காக்கும் முத்திரை உண்டு. குழுவில் சொன்னது எத்தனை நாளில் ஊருக்குத் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். தலைவர் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை, ஆழமான நட்பு வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் அது கேட்டு வாங்குகிற பொருளில்லை.

தளர்த்தினால் கடைப்பிடிப்பவர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்கிறீர்களே, அதில் எனக்கு அவ்வளவு அனுதாபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நோன்பிருக்கவில்லை என்று தெரிந்ததும் என் நோன்பு சோர்ந்துபோனால், அது யாருக்கான நோன்பு?

வருடம் முடிவது நல்லதாகப் போயிற்று. தானாகப் புதுப்பிக்காதீர்கள், முடியவிடுங்கள். ஒரு மாதம் எந்த வாக்கும் இல்லாமல் இருங்கள். பிறகு யாருக்கு எது உண்மையில் உதவியது என்று பேசி, இரண்டே இரண்டு விஷயங்களை எடுங்கள், இரண்டும் சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். மெதடிஸ்ட் என்ற புரொட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் தம் மக்களிடையே உடன்படிக்கை வழிபாட்டைத் தொடங்கிவைத்தார், இன்றும் பல சபைகளில் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அதில் சொல்லப்படும் ஜெபத்தில், உமக்காக என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஒரு வரி வரும். செய்ய முடியாமல் போகிற நாட்களையும் சேர்த்தே ஒப்புக்கொடுக்கிறார்கள். நம்மவர்கள் அதைத் தயங்காமல் கடன் வாங்கலாம்.

கூடும் நேரத்தை அந்தப் பெண்ணிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது தலைவரை அனுப்பாதீர்கள், திரும்ப வரச்சொல்லியும் கேட்காதீர்கள், அவருக்குப் பிடித்த யாராவது ஒருவர் அவர் விழித்திருக்கும் நேரத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தால் போதும். தர்மத்தைத் தொடர்வதானால் பெயர் எழுதாத உறையில் தொடருங்கள்.

'பரிசுத்தவான்கள்' கேலியைப் பற்றி. கேலி செய்கிற வீடுகளில் யாராவது மருத்துவமனையில் கிடந்தபோது உங்கள் குழுவிலிருந்து ஒருவராவது போய் இரவு துணைக்கு இருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால் கேலியை விட்டுத்தள்ளுங்கள். இல்லையென்றால், புதிதாக எடுக்கப்போகும் இரண்டில் ஒன்று அதுவாக இருக்கலாமே.